இடது கை தூக்கச் சொன்ன பிள்ளை

பட்டாபிராம்
12.6.2024

அருளு,

உன் இருமல் விட்டுதா? திண்டுக்கல் தண்ணி ஒத்துக்கிச்சா? இங்க உன் மாமாவுக்கு முட்டிவலி, மத்தபடி ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். காலையில அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ட்ரெயின் பிடிக்க ஓடறப்ப மட்டும் அந்த வலி எங்க போகுதோ தெரியல.

கன்னியர் மடத்துல பயிற்சி முடியிற வரைக்கும் போன் கிடையாது, மாசத்துக்கு ஒரு கடுதாசிதான்னு நீ சொன்னப்ப சிரிச்சேன். இப்ப பாரு, நானே முதல்ல பேனாவை எடுத்துட்டேன். பாசத்துல பொங்கிட்டேன்னு நினைச்சுடாத. காரியம் இருக்கு. இதை உங்க மதர் படிச்சுட்டுத்தான் உன் கையில குடுப்பாங்களாமே. மதர், வணக்கம்.

நான் இந்த ஸ்கூல்ல தமிழ் டீச்சரா சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆச்சு. இங்கிலீஷ் எடுத்துக்கிட்டிருந்த மிஸ்ஸுக்குப் பூந்தமல்லிப் பக்கம் வேற ஸ்கூல் கிடைச்சிடுச்சு. கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். ஸ்கூல் முதலாளியை இங்க அப்படித்தான் சொல்லணும். அஞ்சாம் கிளாஸ் இங்கிலீஷை நீங்களே பார்த்துக்குங்க மேடம், புக்கைப் பார்த்து நடத்தறதுதானேன்னார். தபால்ல பி.ஏ. தமிழ் படிச்சவ நான், எனக்கு வராதுங்கன்னு சொல்லியிருக்கணும். பாழாப்போன வாய் "சரி சார்"னுடுச்சு.

முதல் பாடமே பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச். மொத்தம் எட்டாம். தமிழ்ல பெயர், வினை, இடை, உரின்னு நாலே நாலு. நாலை வெச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க இத்தனை நூற்றாண்டு ஓட்டலையா, இவங்களுக்கு எதுக்குடி எட்டு? அந்த எட்டும் என்னன்னு எனக்குப் புரியற மாதிரி எழுதி அனுப்பு. எனக்கு இது வராதுன்னு மாமாவுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி இங்கிலீஷ் டீச்சர்னு எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறார்.

உன் ஜெபத்துல என்னையும் சேர்த்துக்க.
ஆக்னஸ்

திண்டுக்கல்
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போச்சு. மாமா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. மதர் உன் வணக்கத்தைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க.

எட்டுதான், பயப்படாத. நவுன்னா பேர். ஆக்னஸ், அடுப்பு, பட்டாபிராம், பயம். பயத்தைக் கண்ணால பார்க்க முடியாட்டியும் அதுக்கு ஒரு பேர் இருக்கே, அதனால அதுவும் நவுன்தான். ஆக்னஸ் ஆக்னஸ்னு சொல்லிக்கிட்டே இருக்காம 'அவ'ன்னு சொன்னா ப்ரோநவுன். அவ செய்யற வேலை வெர்ப். அவ எப்படிப்பட்டவன்னு சொன்னா அட்ஜெக்டிவ், வேலையை எப்படிச் செஞ்சான்னு சொன்னா அட்வெர்ப். ப்ரிபொசிஷன் நம்ம வேற்றுமை உருபு மாதிரி. நமக்குப் பேருக்குப் பின்னால ஒட்டும், அவங்களுக்கு முன்னால வந்து நிக்கும். கன்ஜங்க்‌ஷன் ரெண்டைச் சேர்க்கிறது. இண்டர்ஜெக்‌ஷன், நீ பால் பொங்கினா கத்துவியே "ஐயையோ"ன்னு, அது.

இவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே. எனக்கு இது பழக்கமில்லை, கத்துக்கிட்டு எடுக்கிறேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன். தெரியலைன்னு சொல்றது ஒண்ணும் பாவமில்லைக்கா.

அன்புடன்,
அருள்மேரி

பட்டாபிராம்
21.7.2024

அருளு,

சொகமா இருக்கியா? இங்க ரெண்டு நாளா மழை, துணி காயல.

தெரியலைன்னு சொல்றது பாவமில்லையாம். நீ சொல்லுவ, உனக்குத்தான் தெரியுமே. அம்பத்தூர்ல கம்பெனியில செக்கிங் வேலை பார்த்தப்ப தெரியலைன்னா சூப்பர்வைசர்கிட்ட கேட்டுக்கலாம். முப்பத்திநாலு பிள்ளைங்க முன்னாடி நின்னுக்கிட்டு யாரைக் கேக்கறது?

சரி, விடு. உன் லெட்டரைச் சார்ட்டுல எழுதி ஒட்டிட்டேன். அதைவிட நல்ல சேதி ஒண்ணு இருக்கு. செப்டம்பர்ல இங்கிலீஷுக்கு ஓப்பன் கிளாஸ் வருது. அப்பா அம்மாங்க பின்னால உட்கார்ந்து பார்ப்பாங்க, நாங்க பாடம் நடத்தணும். எனக்கு ஜுரமே வந்துடுச்சு. நாலாம் கிளாஸ் தேவிப்பிரியா மிஸ் இதுக்கா பயப்படறீங்கன்னு சொல்லி ஒரு வித்தை சொல்லிக்குடுத்தாங்க. எந்தக் கேள்வி கேட்டாலும் எல்லாப் பிள்ளைங்களும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. நாம வலது கையா பார்த்துக் கூப்பிடணும். பின்னால உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கிளாஸ் முழுக்கப் புலியா இருக்கிற மாதிரித் தெரியும். இங்க வருஷா வருஷம் இப்படித்தானாம். எவ்வளவு மூளை பாரேன்.

ஒரு வாரமா பழக்கிக்கிட்டிருக்கேன். பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. எங்க ஸ்கூல் ஆயா கன்னியம்மாவோட பொண்ணு நிஷா என் கிளாஸ்தான். அதுக்கு இடது கை.

மாமா கேட்டதா எழுதச் சொன்னார்.
ஆக்னஸ்

திண்டுக்கல்
10.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

துணியெல்லாம் காய்ஞ்சுதா? எனக்கு இப்ப சமையல்கட்டு முறை. அறுபது பேருக்குச் சாம்பார் வைக்கக் கத்துக்கிட்டேன், உப்புதான் இன்னும் கைக்கு வரல.

கை தூக்கற சேதியைப் படிச்சுட்டு முதல்ல சிரிச்சேன். அப்புறம் ராத்திரி ஜெபத்துல நினைப்பு அங்கேயே போச்சு. ரெண்டு கேள்வி கேக்கறேன், பதில் எழுது. இடது கைன்னு யார் முடிவு பண்றாங்க, அந்தந்தக் கேள்விக்குப் பிள்ளைங்களேவா, இல்லை நீயா? ரெண்டாவது, முப்பத்திநாலு பேர்ல ஒருத்தியை மட்டும் பேர் சொல்லி எழுதியிருக்க. ஏன்?

தப்பா எடுத்துக்காத.
அருள்மேரி

பட்டாபிராம்
29.8.2024

அருளு,

இன்னிக்கு வேளாங்கண்ணியில கொடியேத்தம். நம்ம தெருவுலேர்ந்து மூணு குடும்பம் நடந்தே போயிருக்காங்க. எங்களால இந்த வருஷம் முடியல. மாமா முட்டியைத்தான் உனக்குத் தெரியுமே.

அறுபது பேருக்குச் சமைக்கிற அளவுக்கு வளர்ந்துட்டியா, சந்தோஷம். உப்பைக் கடைசியில போடு.

கன்னியம்மா நேத்து ஒரு பெரிய கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து குடுத்தா. திருநின்றவூர்ல அவ வீட்டு வாசல்ல மரம் இருக்காம். எதுக்கும்மான்னேன். "எம் பொண்ணு எல்லாக் கேள்விக்கும் கை தூக்குது டீச்சர். நான் வராண்டா தொடைக்க சொல்ல ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினே கீறேன். எங்க ஊட்டாண்ட யாரும் இங்கிலீஷ் படிச்சதில்ல"ன்னா. நான் கீரையை வாங்கிக்கிட்டேன். பொரியல் நல்லாவே இருந்துச்சு.

உன் ரெண்டு கேள்விக்கும் அப்புறமா எழுதறேன். கரண்ட் போயிடுச்சு.
ஆக்னஸ்

பட்டாபிராம்
25.9.2024

அருளு,

நலமா? நாங்க நலம். ஓப்பன் கிளாஸ் இருபத்தொண்ணாம் தேதி முடிஞ்சது. நல்லா நடந்ததுன்னு கரஸ்பாண்டன்ட் பாராட்டினார். முடிஞ்சதும் எடுத்த போட்டோவை இதுல வெச்சிருக்கேன். எனக்கு ரெண்டு நாளா தலைவலி. மத்தபடி எழுத ஒண்ணுமில்லை.

ஆக்னஸ்

திண்டுக்கல்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி எப்படி இருக்கு? கண்ணாடி போடணுமோ என்னவோ, ஆவடியில ஒரு டாக்டரைப் பாரு.

நீ எப்பவும் நாலு பக்கம் எழுதறவ. இது அஞ்சாறு வரி. அதனால போட்டோவைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன். எல்லாப் பிள்ளைங்களும் சிரிக்குது. ஓரத்துல ஒரு பொண்ணு அழுத முகத்தோட தரையைப் பார்க்குது. நீ அது பக்கத்துலதான் நிக்கற, ஆனா நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்க. அதுதான் நிஷாவா?

உன்னை மட்டும் கேக்கறது நியாயமில்லை. என்னோடதையும் சொல்லிடறேன். பன்னிரண்டாவது படிக்கறப்ப பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நீ புடவை கட்டி ரெடியா நின்ன. மீட்டிங் தள்ளிப்போச்சுன்னு சொன்னேன். தள்ளிப்போகல. அங்க எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்க, நீ முழிப்ப, என் பிரெண்ட்ஸ் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். அம்மா போனப்புறம் கம்பெனிக்குப் போய் என்னைப் படிக்க வெச்சவளை அன்னிக்கு வீட்டுலயே உட்கார வெச்சேன். வெட்கமா இருக்குக்கா. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொல்லிட்டேன். உன்கிட்ட இப்பதான் சொல்றேன்.

பதில் எழுது.
அருள்மேரி

பட்டாபிராம்
9.11.2024

அருளு,

உடம்பு ரெண்டு பேருக்கும் பரவாயில்லை. தீபாவளிக்குத் தெரு முழுக்கப் புகை, அவ்வளவுதான்.

மீட்டிங் தள்ளிப்போகலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எதிர்வீட்டு அக்கா போயிட்டு வந்து சொன்னாங்க. நான் கேக்கல. கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணுமேன்னு விட்டுட்டேன். வலிக்கலைன்னு சொன்னா அது பொய். இங்கிலீஷ்னாலே எனக்குக் காது சூடாகறது அன்னிலேர்ந்துதான். ஆனா நான் செஞ்சதுக்கு அது சாக்கு ஆகாது. மதர் படிச்சா படிக்கட்டும், எழுதிடறேன்.

ஜூலையில முதல் முதலா அந்தப் பாடத்தை எடுத்தேன். மொத்தம் எட்டுன்னு சொல்லிட்டு பலகைப் பக்கம் திரும்பி ஒண்ணொண்ணா எழுதினேன். ஏழு வந்துச்சு. எட்டாவது வரல. சார்ட் அப்ப இன்னும் ஒட்டல, உன் லெட்டர் ஸ்டாஃப் ரூம்ல பைக்குள்ள இருக்கு. சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறேன். பின்னாலேர்ந்து "கன்ஜங்க்‌ஷன் மிஸ்"னு ஒரு குரல் வந்துச்சு. கிளாஸே சிரிச்சுது. யார் சொன்னதுன்னு திரும்பிக் கேட்டேன். நிஷா எழுந்து நின்னுது. உன்னை யாராவது கேட்டாங்களா, வாயாடி, உட்காருன்னு கத்தினேன். பத்து வயசுப் பொண்ணுகிட்ட.

அப்புறம் கை பழக்கறப்ப மத்த பிள்ளைங்களை அந்தந்தக் கேள்விக்குத் தெரிஞ்ச மாதிரித் தூக்கச் சொன்னேன். நிஷாகிட்ட மட்டும், நீ எப்பவும் இடது கைன்னேன். "தெரிஞ்சாலுமா மிஸ்?"னு கேட்டுது. "தெரிஞ்சாலும்"னேன்.

நீ கேட்ட ரெண்டு கேள்விக்கும் பதில் இதுதான்.

ஹால்ல நடந்த ஓப்பன் கிளாஸுக்குக் கன்னியம்மா வேலைப் புடவையை மாத்திட்டு, நல்ல புடவை கட்டி, பூ வெச்சுக்கிட்டு மத்த அம்மாங்களோட வந்து உட்கார்ந்தா. நான் ஒவ்வொரு கேள்வியா கேட்டேன். நிஷா ஒவ்வொண்ணுக்கும் இடது கையைத் தூக்கிக்கிட்டே இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பத்தாவது கேள்வியில கன்னியம்மா எழுந்து நின்னா. மரியாதையாத்தான் கேட்டா. "டீச்சர், எம் பொண்ணு மொத கேள்வியிலேர்ந்து கை தூக்கினே கீது. ஒரே ஒரு வாட்டி கேளுங்க டீச்சர்."

கரஸ்பாண்டன்ட் சிரிச்சுக்கிட்டே, அந்தப் பாப்பாவைக் கேளுங்க மேடம்னார். வேற வழியில்லாம எட்டையும் சொல்லச் சொன்னேன். அதுக்கு எட்டும் தலைகீழாத் தெரியும் அருளு. எனக்கு மறந்ததையே எடுத்துக்குடுத்த பொண்ணு. அது என் முகத்தைப் பார்த்துச்சு. தூக்கின கையை இறக்கிட்டு, "தெரியாது மிஸ்"னு சொல்லிச்சு.

பின்னால யாரோ சிரிச்சாங்க. கன்னியம்மா நாற்காலிங்களுக்கு நடுவுல புகுந்து வந்து, "தெரியாமயா கையத் தூக்கினே, என் மானத்த வாங்கறதுக்கா?"ன்னு அது கன்னத்துல ஒண்ணு வெச்சா. அப்புறம் என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டா. "மன்னாப்பு டீச்சர். மன்சுல வெச்சுக்காதீங்க"ன்னா.

நான் அப்ப சொல்லியிருக்கணும். என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லம்மா, இனிமே நல்லா படிக்கச் சொல்லுங்க"ன்னேன். ஆக்னஸ் மேடத்தோட பொறுமையைப் பார்த்தீங்களான்னு கரஸ்பாண்டன்ட் மைக்குல சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. அதுக்கப்புறம் எடுத்த போட்டோதான் உன்கிட்ட இருக்கிறது.

இப்ப அந்தப் பொண்ணு கிளாஸ்ல வாயே திறக்கறதில்ல. போன வாரம் கன்னியம்மா சொன்னா, இதுக்கு இங்கிலீஷ் ஏறல டீச்சர், அரைப் பரிட்சை முடிஞ்சதும் கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுடறேன்னு. கவர்மென்ட் ஸ்கூல் ஒண்ணும் குறைச்சல் இல்லை, நான் படிச்சது அங்கதான். ஆனா தன் பொண்ணு மக்குன்னு நம்பிக்கிட்டு அவ கூட்டிக்கிட்டுப் போறா. அந்தப் பொண்ணும் அப்படியே நம்ப ஆரம்பிச்சிடுச்சு. நான் வாயைத் திறந்தா வேலை போயிடும். மாமாவுக்குத் தெரிஞ்சுபோயிடும். தெனமும் அவ தொடைச்ச தரையில நடந்துதான் கிளாஸுக்குப் போறேன், காலைத் தூக்கி வைக்கவே கூசுது.

என்ன செய்யட்டும், சொல்லு.
ஆக்னஸ்

திண்டுக்கல்
20.11.2024

அக்கா,

சாப்பிடறியா, தூங்கறியா? மதர் உன் லெட்டரை என்கிட்டக் குடுத்துட்டு, மறுநாளே பதில் எழுத அனுமதி குடுத்தாங்க. இங்க அது பெரிய விஷயம்.

என்ன செய்யணும்னு உனக்கே தெரியும். தெரிஞ்சுதான் இவ்வளவு எழுதியிருக்க. அரைப் பரிட்சைக்கு முன்னாடி கன்னியம்மா வீட்டுக்குப் போ. எனக்காக ஜெபம் பண்ணுன்னு மட்டும் எழுதாத. போயிட்டு வந்து எழுது.

அருள்

பட்டாபிராம்
8.12.2024

அருளு,

சொகம்தான். காலையில பூசை முடிஞ்சு நேரா ஸ்டேஷனுக்குப் போனேன். திருநின்றவூர் ரெண்டே ஸ்டேஷன், அதுக்குள்ள மூணு தடவை இறங்கிடலாமான்னு தோணிச்சு.

ஏரிக்கரைப் பக்கம் ஓட்டு வீடு. நிஷா கடைக்குப் போயிருந்துச்சு. கன்னியம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, பக்கத்துக் கடையிலேர்ந்து குடிக்கக் கலர் வாங்கியாரேன்னா. வேணாம்மா உட்காருன்னு சொல்லிட்டு, பலகையில ஏழு எழுதினதுலேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன். அவ அழல, திட்டல. வலது இடதுன்னு ரெண்டு தடவை கேட்டுப் புரிஞ்சுக்கிட்டா. என்னை மன்னிச்சுடும்மான்னேன்.

"அத்த வுடுங்க டீச்சர். நான் அன்னிக்கி அத்தினி பேர் முன்னால எம் பொண்ண அடிச்சேன். அத்தினி பேர் முன்னால உங்களாண்ட மன்னாப்பு கேட்டேன். அந்த மன்னாப்ப எனக்குத் திருப்பிக் குடுங்க"ன்னா.

இங்கயே இப்பவே கேக்கறேன்னேன். "இங்க வாணாம். எங்க வாங்கினீங்களோ அங்க குடுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலயே உட்கார்ந்திருந்துட்டு வந்துட்டேன்.

ஆக்னஸ்

திண்டுக்கல்
22.12.2024

அக்காவுக்கும் மாமாவுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. இங்க குளிர் தாங்கல, நீ பின்னின ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். கார்டுல இடமில்லை. திருப்பிக் குடுத்துட்டியா?

அருள்

பட்டாபிராம்
24.1.2025

அருளு,

கார்டு கிடைச்சுது. பொங்கலும் ஆச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசுதான் துவைச்சுப் போட்ட மாதிரி கிடக்கு.

பதினொண்ணாம் தேதி அரைப் பரிட்சை மார்க் குடுக்க அப்பா அம்மாங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. அதே ஹால், அதே ஆளுங்க. ஒரு அறிவிப்பு இருக்கு சார்னு கரஸ்பாண்டன்ட்கிட்ட மைக்கை வாங்கினேன். கன்னியம்மா வாசல்ல துடைப்பமும் கையுமா நின்னா. எனக்குப் பாடம் தெரியல, அதை மறைச்சேன், வலது கை இடது கை வேஷம் போட்டேன், நிஷாவுக்கு எல்லாம் தெரிஞ்சும் வேணும்னே இடது கை தூக்க வெச்சேன், அதுக்கு அவங்க அம்மா என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்க, இப்ப நான் அவங்ககிட்ட கேக்கறேன்னு சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் கை தட்டல. கன்னியம்மா தலையை ஆட்டினா. அப்புறம் வேலையைப் பார்க்கப் போயிட்டா.

கரஸ்பாண்டன்ட் ஏப்ரலோட வேற இடம் பார்த்துக்குங்கன்னுட்டார். ஸ்கூல் மானத்தை வாங்கிட்டேனாம், வாங்கினதுதான். தேவிப்பிரியா மிஸ் என்னைப் பார்த்தா வேற பக்கம் திரும்பிக்கிறாங்க. மாமாகிட்டயும் அன்னிக்கே சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், அம்பத்தூர்ல பழைய கம்பெனியில செக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்களாம்னு மட்டும் சொன்னார்.

நிஷாவுக்கு டி.சி. வாங்கல. இங்கயேதான் படிக்குது. கன்னியம்மா என்கிட்ட இன்னும் பேசறதில்ல. பேசணும்னு நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பொங்கல் லீவு முடிஞ்சு திங்கக்கிழமை, கிளாஸ் விட்டதும் நிஷாவை நிறுத்தினேன். அம்மாகிட்டதானே மன்னிப்பு கேட்டேன், உன்கிட்ட தனியா கேக்கணும்னேன். அன்னிக்குக் கிளாஸே சிரிச்சதும் எனக்கு அவமானமாப் போச்சும்மா, அந்தக் கோவத்தை உன்மேல காட்டிட்டேன், தப்பு என்னுதுன்னேன். பையை மாட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்துச்சு. அப்புறம் சொல்லிச்சு.

"நான் மெதுவாத்தான் மிஸ் சொன்னேன். உங்களுக்கு மட்டும் கேக்கணும்னுதான் சொன்னேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த தினேஷ்தான் அதைக் கேட்டுட்டு சத்தமாக் கத்திட்டான். யார் சொன்னதுன்னு கேட்டீங்க, முதல்ல சொன்னது நான்தானேன்னு எழுந்து நின்னேன்."

அதுக்கு மேல எனக்கு எழுத வரல அருளு. குளிர்ல வெறும் கால்ல நடக்காத.

ஆக்னஸ்